அப்பாவின் கணக்குக் கொப்பியில் இருந்து தொடங்குங்கள்

கேள்வி: நான் மூதூரைச் சேர்ந்தவள். திருகோணமலை வளாகத்தில் வணிக முகாமைத்துவம் இரண்டாம் வருடம் படிக்கிறேன். அடுத்த வருடம் கணக்கியல், சந்தைப்படுத்தல், மனிதவளம் என்று ஏதாவது ஒரு துறையைத் தெரிவு செய்ய வேண்டும். எது எனக்குச் சரிவரும் என்று விளங்கவில்லை. கணக்கியல் சலிப்பாக இருக்கிறது, அதனால் சந்தைப்படுத்தலுக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன். ஆட்களைத் தெரியாமல் தனியார் துறையில் வேலை இல்லை என்று சீனியர்கள் சொல்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் கந்தோரில் வேலை செய்தவர் ஒருவரும் இல்லை. அப்பா மீன் வியாபாரம் (அவருக்குக் கண் கொஞ்சம் குறைவு, ஓ.எல். படிக்கும்போதிருந்து அவருடைய கணக்குக் கொப்பியை நான்தான் எழுதுகிறேன்). கொழும்புக்கு அனுப்ப வீட்டில் விருப்பமில்லை. லிங்க்ட்இன் திறந்தேன், யாருக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் மூடிவிட்டேன். ஒருவருக்கு எழுதுவதென்றால் 'சேர்' என்று போடுவதா, பெயர் போடுவதா என்பதுகூடத் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது அக்கா?

– மூதூர் மாணவி

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தை முதல் தரம் வாசித்தபோது அடைப்புக்குறிக்குள் இருந்த அந்த வரியைக் கவனிக்காமல் தாண்டிவிட்டேன். இரண்டாம் தரம்தான் கண்ணில் பட்டது. நீங்களும் அதை ஒரு பொருட்டாக நினைக்காமல்தான் அடைப்புக்குள் போட்டிருக்கிறீர்கள். அங்கிருந்தே தொடங்குவோம்.

ஓ.எல்.இல் இருந்து என்றால் ஐந்தாறு வருடமாக ஒரு வியாபாரத்தின் பேரேட்டை எழுதுகிறீர்கள். உங்கள் வகுப்பில் வேறு யார் அதைச் செய்கிறார்கள்? அப்பா மீனைக் கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள பெலியகொடை மொத்த மீன் சந்தைக்கு அனுப்புபவரா, உள்ளூரில் விற்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. அனுப்புபவர் என்று வைத்துக்கொண்டு, இந்த வார இறுதியில் வீட்டுக்குப் போனதும் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். விலைகள் உதாரணத்துக்குத்தான், கொப்பியில் உள்ளதை எடுத்து நிரப்புங்கள்.

நூறு கிலோ பாரை. கரையில் கிலோ 1,400 ரூபாய்க்கு எடுத்தால் முதல் 1,40,000. அங்கே 1,750க்குப் போகிறது. கிலோவுக்கு 350 ரூபாய் லாபம் என்று வெளியில் இருந்து பார்ப்பவர் நினைப்பார். ஆனால் ஐஸ் கரைந்து, தண்ணீர் வடிந்து, அங்கே தராசில் ஏறும்போது 96 கிலோதான் நிற்கிறது. விற்ற காசு 1,68,000. அதில் கொமிஷன் 6 வீதம் என்றால் 10,080. ஐஸுக்கும் லொறிக்கும் 9,000. கைக்கு வருவது 1,48,920. லாபம் 8,920 ரூபாய், கிலோவுக்கு 89 ரூபாய் சொச்சம். அதுவும் அன்றைக்கே வராது, எட்டு நாள் கழித்து வருகிறது என்று வையுங்கள். அந்த எட்டு நாளும் கரையில் மீன் எடுக்க அப்பா வேறு காசு தேட வேண்டும். யாரிடம் தேடுகிறார், அதற்கு என்ன கொடுக்கிறார்?

இதைத்தான் வகுப்பில் தொழிற்படு மூலதனம் என்று கரும்பலகையில் எழுதியிருப்பார்கள். அங்கே சலித்த பாடம் இங்கே சலிக்கிறதா என்று பாருங்கள். அந்த நாலு கிலோ எங்கே போகிறது, ஐஸைக் கூட்டினால் எவ்வளவு மிஞ்சும், கொமிஷனில் அரை வீதம் குறைத்துப் பேச முடியுமா என்று மனம் ஓடினால் உங்களுக்குக் கணக்கியல் சலிக்கவில்லை, கணக்கியல் வகுப்புத்தான் சலித்திருக்கிறது. கணக்கைப் போடும்போதே கொட்டாவி வந்து, 'அங்கே வாங்குகிற முதலாளி ஏன் எங்களிடமே வாங்குகிறார், வேறு யாரிடம் வாங்குவார்' என்ற கேள்வியில் மட்டும் கண் விரிந்தால் சந்தைப்படுத்தல் பக்கம் போங்கள். ஆனால் கணக்குக்குத் தப்பி அங்கே ஓட நினைக்க வேண்டாம். நிலாவெளியில் எந்த ஹோட்டலிலும் விற்பனைக்குப் பொறுப்பானவரிடம் கேட்டுப் பாருங்கள். அறை எத்தனை நிரம்பியது, முன்பதிவு இணையத் தளத்துக்குக் கொமிஷனாக எத்தனை வீதம் போனது, சீசன் முடிந்த பிறகு எந்த விலைக்கு இறக்கலாம் என்று நாள் முழுக்க எண்ணோடுதான் மாரடிக்கிறார்கள்.

இனி ஆட்களைத் தெரிவது பற்றி. ஆட்களைத் தெரியாமல் வேலை இல்லை என்று சீனியர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். கொப்பியைத் திறந்து அதில் உள்ள பெயர்களை எண்ணுங்கள். ஐஸ் ஆலைக்காரர், லொறிச் சொந்தக்காரர், பெலியகொடைக் கடைக்காரர், கடன் கொடுத்தவர், வலை விற்பவர். இவர்கள் எல்லோரும் தொழில் துறைதான். கோட் போட்டவர் மட்டும்தான் தொடர்பு என்று யாரோ உங்கள் பேட்சுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த லொறிக்காரர் கிழமைக்கு எத்தனை தரம் போகிறார், திரும்பி வரும்போது வெறும் லொறியாக வருகிறாரா, எதையாவது ஏற்றி வருகிறாரா என்று அப்பாவோடு நின்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில் ஒரு இறுதியாண்டு ஆய்வுக்கான விஷயம் கிடக்கிறது. மீன் ஏற்றுமதிக் கம்பனி ஒன்றின் கொள்வனவுப் பிரிவுக்கு நாளைக்கு எழுதும்போது, 'நான் ஒரு மாணவி' என்பதற்கு மேல் சொல்ல உங்களிடம் ஏதாவது இருக்கும்.

என் கதையைச் சொல்கிறேன். படிப்பு முடிகிற காலம், நானும் உங்களைப் போலத்தான். முப்பது கம்பனிக்கு ஒரே கடிதத்தை டைப் பண்ணி, பெயரை மட்டும் மாற்றி மாற்றித் தபாலில் போட்டேன். ஒன்றில் பெயரை மாற்ற மறந்துவிட்டேன். அங்கிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, 'பிள்ளை, இந்தக் கடிதம் எங்கள் போட்டிக் கம்பனிக்கு எழுதினது, அவர்களிடமே கொடுக்கட்டுமா' என்று கேட்டார். மற்ற இருபத்தொன்பதில் ஒரே ஒரு பதில். கொழும்பில் ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், ஆறு மாதம் சம்பளம் இல்லாத பயிற்சி. போன முதல் நாளே போட்டோகொப்பி இயந்திரத்தைக் காட்டிவிட்டார்கள். ஐந்தாம் மாதமும் அதற்குப் பக்கத்தில்தான் நின்றேன். சான்றிதழில் மட்டும் 'நிதி அறிக்கையிடலில் பயிற்சி' என்று எழுதித் தந்தார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம் வரும்.

அந்த இயந்திரத்துக்குப் பக்கத்து மேசையில் ஒரு சிங்கள அம்மா, காசுப் பிரிவு லிகிதர். ஓய்வுபெற மூன்று வருடம் இருந்தது. மாத முடிவில் வங்கி இணக்கக் கூற்று, அதாவது எங்கள் காசுக் கணக்கையும் வங்கியின் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பது, அவருக்குச் சரிவராது, ஏதாவது ஒரு காசோலை இடித்துக்கொண்டே இருக்கும். எனக்கு வேலை இல்லாததால் நான் இருந்து தேடிக் கொடுப்பேன். அவர் எனக்குச் சிங்களம் திருத்துவார், மத்தியானச் சோற்றில் பாதி தருவார். அவ்வளவுதான் எங்கள் பழக்கம். பயிற்சி முடிந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு, அவர் மருமகன் வேலை செய்த கப்பல் முகவர் நிறுவனத்தில் உதவிக் கணக்காளர் இடம் வெறுமையானபோது, என் பழைய விலாசத்துக்கு ஒரு தபாலட்டை போட்டார். அந்தத் துறைக்குள் நான் போனது அப்படித்தான். அந்தப் பயிற்சியில் நான் வணக்கம் சொல்லிப் பின்னால் திரிந்த முகாமையாளர்கள் ஒருவருக்கும் இன்றைக்கு என் பெயர் நினைவில் இருக்காது.

இது என் அதிர்ஷ்டம் மட்டும் இல்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தெரிந்தவர் மூலம் வேலை எடுத்தவர்களிடம் 'அந்தத் தெரிந்தவரை அந்தக் காலத்தில் எத்தனை தரம் சந்திப்பீர்கள்' என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 வீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6 வீதம், அரிதாக என்றவர்கள் 27.8 வீதம். நெருங்கிய சொந்தக்காரருக்கு நமக்குத் தெரிந்த செய்திதான் தெரியும், தூரத்துப் பழக்கத்துக்குத்தான் வேறு இடத்துச் செய்தி தெரியும் என்பது அவர் சொன்ன காரணம். ஆகவே மாமா வங்கியில் மனேஜராக இல்லையே என்று கவலைப்படாதீர்கள். அரைகுறையாகத் தெரிந்தவர்கள் நாலைந்து திசையில் வேண்டும், அவர்கள் உங்களை ஏதாவது ஒரு வேலையோடு சேர்த்து நினைவு வைத்திருக்க வேண்டும். என்னை அந்த அம்மா நினைவு வைத்தது இணக்கக் கூற்றால்.

கொழும்புக்கு விடமாட்டார்கள் என்பதை இப்போதைக்குப் பெரிய குறையாக எடுக்க வேண்டாம். நீங்கள் இருக்கும் கோணேசபுரியைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்கள். நகரத்தில் வங்கிக் கிளைகள், காப்புறுதி, குத்தகைக் கம்பனிகள். சீனன்குடாவில் கோதுமை கப்பலில் வந்து இறங்கும் பிரிமா மாவாலை, பக்கத்தில் டோக்கியோ சிமெந்து ஆலை. கொட்பேயில் மீன்பிடித் துறைமுகம். வடக்கே புல்மோட்டையில் கனிய மணல். பெரிய கம்பனிகளின் தலைமையகம் கொழும்பில் இருக்கிறது, உண்மைதான், நியமனமும் அங்கேதான் முடிவாகும். ஆனால் பொருள் இறங்குவதும் ஏறுவதும் உங்கள் கண்முன்னால். கொழும்பில் படிக்கும் பிள்ளை ஒரு மொத்தச் சரக்குக் கப்பலில் இருந்து தானியம் எப்படி உறிஞ்சி எடுக்கப்படுகிறது, கப்பல் ஒரு நாள் சுணங்கினால் தாமதக் கட்டணம் யார் தலையில் விழும் என்று புத்தகத்தில்தான் படிக்க வேண்டும்.

எண்ணெய்த் தாங்கிகளையே எடுங்கள். சீனன்குடாவில் 99 தாங்கிகள், வெள்ளைக்காரன் கட்டியவை. 2022 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தப்படி 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசிக்கு, மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், ஐஓசிக்கு 49. நேர்முகத்துக்கு வரும் திருகோணமலைப் பிள்ளைகளிடம் இதை நான் வழக்கமாகக் கேட்பேன். அரசியல் சொல்ல எல்லோருக்கும் தெரிகிறது. '51க்கும் 49க்கும் என்ன வித்தியாசம், இயக்குநர் சபையில் அது என்ன செய்யும்' என்று கேட்டால் மௌனம். ஊருக்குள் நடக்கும் பெரிய கொடுக்கல் வாங்கலை உங்கள் பாடத்தின் கண்ணால் விளக்கத் தெரிந்த பிள்ளையை நான் மறக்க மாட்டேன்.

சரி, முன்பின் தெரியாத ஒருவரை எப்படி அணுகுவது? எனக்கு வாட்ஸ்அப்பில் வருவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: 'வணக்கம், நான் முகாமைத்துவ மாணவி, ஏதாவது வேலை வாய்ப்பு இருந்தால் அறியத் தரவும்.' இதற்கு நான் என்ன பதில் போடுவது? இல்லை என்பதுதான். போன வருடம் ஒரு மாணவன் எழுதியது வேறு மாதிரி: 'எங்கள் வகுப்பில் நீங்கள் பேசியபோது, கப்பல் வந்து மூன்று மாதமாகியும் சில செலவுப் பற்றுச்சீட்டுகள் வருவதில்லை என்று சொன்னீர்கள். அப்படியானால் அந்தக் கப்பலின் கணக்கை எப்படி மூடுவீர்கள்? அட்டுறு செலவாக (பற்றுச்சீட்டு வராவிட்டாலும் அந்தக் காலத்துக்கு உரிய செலவாக) எடுப்பீர்களா? பத்து நிமிடம் தந்தால் அலுவலகத்துக்கு வந்து கேட்கிறேன்.' நான் உடனே வரச் சொன்னேன். பத்து நிமிடம் ஒன்றரை மணித்தியாலமானது. மனிதருக்குத் தன் வேலையின் தலையிடியைப் பற்றிப் பேசப் பிடிக்கும், கேட்க ஆள்தான் இல்லை. வேலை கேட்காதீர்கள், வேலையைப் பற்றிக் கேளுங்கள். விருந்தினர் விரிவுரை நடந்தால் அன்று இரவே எழுதுங்கள், ஒரு கிழமை போனால் அவருக்கு உங்கள் முகம் மறந்துவிடும்.

அந்த மாணவன் அதற்குப் பிறகு செய்ததையும் சொல்ல வேண்டும். உப்புவெளியில் அவன் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர் ஆறு அறை வைத்து விடுதி நடத்துகிறார். முன்பதிவு எல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில், பச்சைப் பேனையில். இணையத் தளத்தில் வருவது ஒரு பக்கம், போனில் வருவது இன்னொரு பக்கம். ஆகஸ்டில் ஒரே அறையை ஒரே இரவுக்கு இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்து, நடு இரவில் ஒரு குடும்பத்தைத் தன் சொந்தக் கட்டிலில் படுக்க வைத்தார் மனிதர். பையன் ஒரு எக்செல் தாளில் ஆறு அறையையும் முப்பத்தொரு நாளையும் கட்டம் போட்டு, இரட்டைப் பதிவு விழுந்தால் சிவப்பாகும்படி செய்து கொடுத்தான். கூடவே இணையத் தளத்தின் கொமிஷனைக் கழித்தால் ஒரு அறைக்கு என்ன மிஞ்சுகிறது என்று இன்னொரு நிரல். போனில் வருபவருக்குக் கொஞ்சம் விலை குறைத்தாலும் தனக்கு லாபம்தான் என்பதை அந்த ஐயா அன்றைக்குத்தான் கண்டார். பிறகு பக்கத்து விடுதிக்காரர் கேட்டார், அவர் மச்சான் கேட்டார். அவனுடைய சுயவிவரத்தில் 'எக்செல் தெரியும்' என்று ஒரு வரி இல்லை, இந்தக் கதை இருந்தது. நேர்முகத்தில் அரை மணி அதைப் பற்றியே பேசினார்களாம்.

உங்களுக்கு இரண்டு வருடம் மூத்த சீனியர்களையும் விட்டுவிடாதீர்கள். பெரிய பதவியில் இருப்பவரைவிட இவர்கள்தான் இப்போதைக்குப் பயன். வங்கிப் பரீட்சையில் என்ன வந்தது, முதல் மாதம் கையில் எவ்வளவு கிடைத்தது, எந்த இடத்தில் போட்டோகொப்பிதான் என்பது அவர்களுக்கு நேற்று நடந்தது. பயிற்சிக்கு இடம் தெரிவு செய்யும்போது அவர்களிடம் இதை முதலில் கேளுங்கள்.

தொழில்முறைப் பரீட்சைகள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் விரைவில் யாராவது கேட்பார்கள், 'நீ இன்னும் ஒன்றும் தொடங்கவில்லையா' என்று. பட்டயக் கணக்காளருக்கு அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் மூன்று வருடப் பயிற்சி உண்டு. முகாமைத்துவக் கணக்காளர்களுக்கான சீமா (CIMA) அங்கத்துவத்துக்கும் மூன்று வருட அனுபவம் வேண்டும். வங்கி, சந்தைப்படுத்தல், ஆளணி, போக்குவரத்து என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிறுவகம் இருக்கிறது. தோழி சேர்ந்தாள் என்று காசைக் கட்டாதீர்கள். உங்கள் பட்டத்துக்கு எந்தெந்தப் பாடங்களில் விலக்குக் கிடைக்கும் என்று அந்த நிறுவகத்திடமே எழுத்தில் கேட்டு எடுத்த பிறகு தீர்மானியுங்கள். அப்பாவின் கொப்பிக் கணக்கு உங்களை எந்தப் பக்கம் இழுத்தது என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

மொழி. ஆங்கிலத்துக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள், நானும் பயந்தேன். ஆனால் இங்கே என் அலுவலகத்தில் ஒரு நாளைக் காப்பாற்றுவது பெரும்பாலும் சிங்களம். சுங்கத்தில் ஒரு கோப்பு நின்றுவிட்டால், கொழும்புக்குப் போன் எடுத்துச் சிரித்துப் பேசி நகர்த்துபவருக்குத்தான் மதிப்பு. திருகோணமலையில் மூன்று மொழியும் தெருவில் கிடக்கிறது. ஹொஸ்டலில் சிங்களப் பிள்ளையோடு நீங்கள் சிங்களத்திலும் அவள் தமிழிலும் பேசுவது என்று ஒப்பந்தம் போடுங்கள், செலவில்லை.

லிங்க்ட்இன்னை மறுபடி திறவுங்கள், ஆனால் அதில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். ஒழுங்கான ஒரு படம், படிப்பு, செய்த வேலை ஒன்றிரண்டு. அப்பாவின் கணக்கை எழுதுவதையும் போடுங்கள். 'குடும்ப மீன் மொத்த வியாபாரத்தின் கணக்குப் பதிவு' என்று போட்டால் அதில் பொய் ஒன்றும் இல்லை. வெட்கப்பட வேண்டாம்.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். யாரைச் சந்தித்தாலும் அலுவலகத்தில், பகலில், முதல் தரம் ஒரு தோழியோடு. 'வேலை விஷயம், பின்னேரம் ஹோட்டலுக்கு வாங்க பேசுவோம்' என்பவரின் இலக்கத்தை அழித்துவிடுங்கள். அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி, அவரால் வரும் தொடர்பு நமக்கு வேண்டாம். பயிற்சிக்கு முற்பணம் கேட்பவரும் அதே கணக்கில்தான். சம்பளத்தோடு சேர்ந்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் 8 வீதமும் முதலாளியிடம் 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு முதலாளியிடம் 3 வீதமும் போக வேண்டும். முதல் மாதமே கேட்டுப் பாருங்கள். முகாமைத்துவம் படித்த பிள்ளை அதைக் கேட்டால் யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள், எடுத்தால் அந்த இடத்தைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டீர்கள்.

கொழும்பு விஷயத்தில் வீட்டாரோடு இப்போது சண்டை பிடிக்க வேண்டாம். என் அம்மாவும் முதலில் விடவில்லை. மூதூரில் இருந்து லோஞ்சில் வந்து படித்த பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள், 2009இல் கிண்ணியாப் பாலம் திறப்பதற்கு முந்திய காலம். அந்தப் பெற்றோருக்குத் திருகோணமலையே தூரமாக இருந்தது. பெலியகொடைக் கணக்கை நீங்கள் சரியாகப் போட்டு, கொமிஷனைப் பற்றி அப்பா அங்கே பேசி ஒரு மாதத்தில் சில ஆயிரம் மிஞ்சினால், அவரே உங்களை ஒரு நாள் லொறிக்காரரின் குடும்பத்தோடு அந்தச் சந்தையைப் பார்க்கக் கூட்டிப் போவார். விடியப்புறம் மூன்று மணிக்கு அங்கே நின்று விலை எப்படிக் கத்தப்படுகிறது என்று பாருங்கள். பார்த்ததை எனக்கு எழுதுங்கள், அந்த நாலு கிலோ எங்கே போனது என்பதையும்.

அப்புறம் அந்த 'சேர்' கேள்வி. தமிழில் எழுதினால் ஆணுக்கு சேர், பெண்ணுக்கு மிஸ் அல்லது மேடம் என்று போடலாம், எங்கள் ஊரில் அது மரியாதைதான். ஆங்கிலத்தில் பெயரைத் தேடி எடுத்து, மிஸ்டர் அல்லது மிஸ் சேர்த்து எழுதுங்கள். யார் என்று பார்க்காமல் எழுத வேண்டாம். இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், எனக்கு வரும் விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் இன்னும் 'டியர் சேர்' என்றுதான் வருகிறது.